இடது சீட்டிலிருந்து நீட்டிய கை

போன மாதம் நம் டிரைவர் சங்கக் கூட்டம் முடிந்து வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றபோது, உங்களில் ஒரு தம்பி என்னைக் கேட்டார். "அண்ணே, முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டியிருக்கீங்க. உங்க சர்வீஸ்ல எத்தனை ஆக்சிடென்ட்?"

"ஒண்ணு," என்றேன். "ஆனா அப்ப நான் வண்டியில இல்ல."

எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அதைச் சிரிப்போடு விட்டது சரியில்லை என்று பட்டது. சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் தம்பி கேட்டதும் இதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கிளட்ச், கியர் பற்றியெல்லாம் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் லைசென்ஸ் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடின பஸ்ஸில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே, டிரைவருடைய காலைப் பார்த்துப் பார்த்துக் கற்றவன். படிப்பும் அப்படித்தான், கடைப் பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டினவன். ஆனால் ஒருத்தர் சொன்ன பேச்சு என் காதில் விழுந்து பிடித்துப்போய்விட்டால் அது போகவே போகாது. சொன்னவர் முகம் மறந்துவிடும், பேச்சு இருக்கும். இதிலும் அப்படிச் சில பேச்சுகள் வரும்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் மதராஸோடு சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் பெரிய முந்திரிக்காடு வைத்திருந்த ஒரு முதலாளியிடம் கார் டிரைவராகச் சேர்ந்தேன். மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக இருந்து, சண்டை முடிந்ததும் ஊர் திரும்பியவர். அங்கே துரைமார்களோடு பழகியதில் கோல்ஃபும் விஸ்கியும் அவரோடு கப்பலேறி வந்துவிட்டன. நல்ல மனுஷர். நான் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவன் என்பதால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வா, அதற்குப் பிறகு வண்டியை எடுத்தால் போதும் என்பார். அந்த வீட்டில் யாரும் என்னைச் சாப்பிடாமல் அனுப்பியதில்லை.

ஞாயிறும் புதனும் புதுக்கோட்டைக்கு கோல்ஃப் ஆடப் போவார். ஊருக்கு வெளியே ஒரு செம்மண் பொட்டல். சமஸ்தானத்து நாளில் பெரிய இடத்துக்காரர்களுக்கென்று அமைத்த மைதானம், ஒன்பது குழி. அந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வளைந்த கம்பால் ஒரு சின்னப் பந்தை ஓங்கி அடித்துவிட்டு, அடித்தவரே அதைத் தேடிக்கொண்டு போகிற ஆட்டம். சினிமாவில் காட்டுகிற பச்சைப் புல் எல்லாம் அங்கே கிடையாது. குழியைச் சுற்றி மணலைப் பரப்பி, அது காற்றில் பறக்காமல் இருக்க இன்ஜின் ஆயிலை ஊற்றிக் கெட்டிப்படுத்தி வைத்திருப்பார்கள். அந்த ஆயில் கொண்டுபோவது எங்கள் வேலை. வண்டிக்கு ஆயில் மாற்றும்போது பழசைக் கொட்டாமல் டின்னில் பிடித்துவைத்து, மைதானத்துக்குப் போகிற நாளில் கொடுத்துவிடுவோம். ஐயாமார் அந்தக் கறுப்பு மணலில் குனிந்து பந்தைத் தட்டுவதைப் பார்த்தால், "நம்ம கார் கழிச்சதுல நிக்கிறாக பாரு" என்று ஒரு டிரைவர் சொல்வார்.

ஆடுகிறவர்கள் நாலு பேர். மதுவிலக்கு வந்திருந்த காலம் அது. குடிக்கவேண்டுமென்றால் பெர்மிட் வேண்டும். இது இல்லாமல் இவர் உடம்பு தாங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், மாதத்துக்கு இத்தனை பாட்டில் என்று சர்க்காரே கொடுக்கும், வீட்டில் வைத்துக் குடித்துக்கொள்ளலாம். காகிதத்தில் உடம்பு முடியாதவர்களான இந்த நாலு பேரும் உச்சி வெயில் சாயும் முன்னே மைல் கணக்காக நடந்து பந்தடிப்பார்கள். பெர்மிட் சரக்கு டீ ஃபிளாஸ்க்கில் கூடவே வரும். மூன்றாவது குழிக்குப் பக்கத்தில் ஓர் உசிலை மரம், அங்கே ஒரு மூடி. ஆறாவது குழியில் ஒரு மூடி. ஒன்பது முடிந்ததும் மிச்சம். குழியில் தோற்றவர் ஜெயித்தவருக்கு ஊற்றவேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட சட்டம். என் முதலாளி நன்றாக ஆடுகிறவர். அதுதான் வினையாகப் போனது. பை தூக்குகிற ஆள், பட்டாளத்திலிருந்து திரும்பியவர், ஒருநாள் என் காதில் சொன்னார்: "ஒங்க ஐயா ஜெயிக்க ஜெயிக்கக் கால் பின்னுதுய்யா. எதிராளுக தோத்துத் தோத்துத் தெளிவா இருக்காக."

ஆட்டம் முடிய அஞ்சரை மணி ஆகும். மற்ற மூன்று பேரும் வண்டியின் பின்னால் ஏறிச் சாய்ந்துகொள்வார்கள், அவரவர் டிரைவர் ஓட்டிப் போவார். என் முதலாளி மட்டும் அப்படி இல்லை. போகும்போது நான் ஓட்டவேண்டும், வரும்போது அவர் ஓட்டுவார். "கம்பு பிடிச்ச கைக்கு ஸ்டியரிங் பிடிச்சாத்தான், சவரி, நல்லா இருக்கு" என்பார். சவரிமுத்து என்ற என் பேரை அவர் அப்படித்தான் சுருக்குவார். மலேயாவில் மலைப்பாதையில் ஓட்டியவர், உண்மையிலேயே நல்ல கை. மற்ற நாட்களில் காலையில் அவர் ஓட்டும்போது நான் இடது பக்கம் உட்கார்ந்து ரசித்திருக்கிறேன்.

சாயங்காலக் கை வேறே. சேர்ந்து இரண்டாவது வாரமோ என்னவோ, ஆதனக்கோட்டைக்கு முன்னால் குளத்துக்கரை மேல் ரோடு வளைகிற இடம், சந்தை முடிந்து மாட்டு வண்டிகள் வரிசையாக எதிரே வருகின்றன. அந்தக் காலத்து ரோடு ஒரு கார் அகலம்தான். வண்டிக்காரன் ஒதுங்குவான், நாமும் கொஞ்சம் ஒதுங்கவேண்டும். முதலாளி ஒதுங்குகிற மாதிரி தெரியவில்லை. ஏதோ ஏழாவது குழிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் வலது கை தானாகப் போய் ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து ஒரு விரற்கடை திருப்பியது. வண்டி அழகாக ஒதுங்கி, அழகாக ரோட்டுக்குத் திரும்பியது. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை, கதையை நிறுத்தவும் இல்லை.

அன்றிலிருந்து அது வழக்கமாகப் போனது. வளைவில் ஒரு பிடி, பாலத்தில் ஒரு பிடி, ஆட்டு மந்தை வந்தால் ஒரு பிடி. அவர் பேச்சு சுவாரஸ்யத்தில் இருக்கும்போது கை உள்ளே போய் வெளியே வந்துவிடும். இரண்டு வருஷத்தில் நான் அதில் பெரிய கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். மற்ற டிரைவர்கள் மத்தியில் எனக்கு ஒரு பேரே இருந்தது. "சவரி அண்ணன் இடது சீட்டுல உக்காந்தே கந்தர்வக்கோட்டை வரைக்கும் ஓட்டிருவாரு" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமையாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் தொடங்கியது. நான் முதலாளியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரோ தன் நண்பர்களிடம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒன்பதாவது குழிக்குப் பக்கத்தில் நின்று, என் காது கேட்கச் சொன்னார்: "எனக்கெல்லாம் நாலு உள்ள போனாத்தான் வண்டி இன்னும் நேரா போகுது. வேணும்னா சவரியைக் கேளுங்க."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டம்மாவுக்குச் சந்தேகம் இருந்தது. கெட்டிக்காரி, கணக்காகப் பேசுகிற பெண்பிள்ளை. என் தங்கை மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு வந்தது, ஆவூர்க் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் லீவு கேட்டேன். முதலாளி உடனே, "போய்ட்டு வா சவரி, நானே ஓட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அன்று அம்மாவுக்கும் புதுக்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. காலையில் காரில் போய் அக்கா வீட்டில் இறங்கிக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் முதலாளி வந்து ஏற்றிக்கொண்டு திரும்புவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை சாயங்காலம் நான் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் நின்றார்.

"சவரிமுத்து, ஒன்னைய ஒண்ணு கேக்கணும். வரும்போது அவுகதானே ஓட்டுறாக?"

"ஆமாங்கம்மா."

"எப்படி ஓட்டுறாக? நெசத்தைச் சொல்லு. நாளைக்கு நீ இல்ல, நான் ஏறணும்."

உண்மை வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் லீவு போகும், ஒருவேளை வேலையும் போகும், அதைவிட முதலாளியைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். பத்துப் பதினைந்து விஷயம் ஒரே நிமிஷத்தில் ஓடியது. அதில் அந்த அம்மாவின் உயிர் ஒன்றுதான் ஓடவில்லை.

"ஐயா கை சுத்தமான கைங்கம்மா. நேரா வந்துருவாக. பயப்படாம ஏறுங்க."

"நீ சொன்னாச் சரி," என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் தங்கை வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, திங்கள்கிழமை காலை பஸ்ஸில் திரும்பினேன். ஆதனக்கோட்டை தாண்டும் முன் குளத்துக்கரை வளைவில் பஸ்ஸின் இடது பக்கத்துக்காரர்கள் எல்லாரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். கரைச் சரிவில், எங்கள் கறுப்பு மோரிஸ் கார் ஒரு புளியமரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கரையில் புல்லறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், முந்தின நாள் அங்கேயே இருந்தவள். அவள் சொன்ன பேச்சு இது: "ரோடு திரும்புச்சு, காரு திரும்பலைங்க. நான் புல்லுக்கட்டைப் போட்டுட்டுத் தண்ணிக்குள்ள குதிச்சேன். அந்த மரம் மட்டும் இல்லன்னா அவுகளும் என் கூடவேதான் நீந்தணும்."

"உள்ளே இருந்தவுகளுக்கு?"

"ஐயாவுக்குக் கீறல். அந்த அம்மாவுக்குக் கை தொங்கிப்போச்சு."

அம்மாவுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். நான் வீட்டில் போய் நின்றபோது என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

முதலாளிதான் பேசினார். தம்பிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர் பொய் சொல்லவில்லை, தப்பிக்கப் பார்க்கவில்லை. நெஞ்சறிய நம்பிச் சொன்னார். "ஸ்டியரிங்ல ஏதோ கோளாறு சவரி. எத்தனை வருஷமா அதே வளைவுல வாரேன்? இதே அளவு போட்டுக்கிட்டுத்தானே வாரேன்? ஒருநாளாவது வண்டி இழுத்திருக்கா? நேத்து நான் திருப்புறேன், அது வரல. நீ பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பாரு."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அத்தனை வருஷமும் அந்த வளைவில் வண்டி திரும்பியது உண்மைதான். திருப்பியது யார் என்பது அவருக்குத் தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் புதுக்கோட்டைப் பட்டறையில் விட்டேன். மெக்கானிக் முன்பக்கத்தைத் தூக்கிவைத்து, சக்கரத்தை ஆட்டி, அடியில் படுத்து, அரை நாள் பார்த்தார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மரத்துல மோதி வளைஞ்சதை நிமித்திட்டேன். ஸ்டியரிங்ல ஒரு எழவும் இல்ல. ஓட்டுனவரைத்தான் கழட்டிப் பாக்கணும்."

"ஐயா நம்ப மாட்டாரு."

"நம்ப வேணாம். ஸ்டியரிங்ல தேஞ்சுபோன ஒரு புஷ்ஷை மாத்திட்டேன்னு போய்ச் சொல்லு. அவருக்கும் நிம்மதி, ஒனக்கும் நிம்மதி. நான் பழைய புஷ் ஒண்ணு தாரேன், கையில கொண்டுபோய்க் காட்டு."

காட்டினேன். ஆமாம், கொண்டுபோய்க் காட்டினேன். அம்மாவிடம் சொன்னது முதல் பொய், இது இரண்டாவது. முதலாளி அந்த இரும்புத் துண்டை வாங்கி உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தியா? நான் சொல்லல?" என்று மனைவி பக்கம் திரும்பினார். "இதுதான் ஒன் கையை ஒடிச்சது. சரியாயிடுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை பேத்தி திருச்சியிலேருந்து தெரிஞ்சவுக கூட ரயில்ல வாரா இல்ல, ஆட்டத்தை முடிச்சிட்டு நானே ஸ்டேஷன்ல ஏத்திக்கிட்டு வாரேன்."

அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சரியாயிடுச்சா சவரிமுத்து?"

அன்று "ஆமாங்கம்மா" என்று வரவில்லை. "இன்னும் ஓட்டிப் பாக்கணுங்கம்மா" என்றேன். பேத்திக்கு ஐந்து வயது. நான் கூடப் போவேன்தான், கையை நீட்டுவேன்தான். ஆனால் இன்னொரு புதுநன்மை வரும், எனக்குக் காய்ச்சல் வரும், யாராவது சாவார்கள். என் கை எல்லா நாளும் அந்த சீட்டில் இருக்காது. அது அந்தப் புளியமரத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் யோசித்தேன். வாயால் சொன்னால் நம்பமாட்டார், புஷ்ஷைக் கையில் வைத்திருக்கிறார். நாலு பேர் முன்னால் சொன்னால் அவமானம், அவமானப்பட்டவர் காதில் எதுவும் ஏறாது. ரோட்டில் சோதித்துப் பார்க்க முடியாது, ரோட்டில் மனுஷர்கள் நடக்கிறார்கள். கடைசியில் மைதானத்திலேயே என்று முடிவு செய்தேன். வண்டிகள் நிற்கிற கொட்டகைக்கும் பின்பக்கம் இருந்த கொடிக்கம்பத்துக்கும் நடுவே ஒரு பர்லாங்குக்குக் குறையாத வெட்டவெளி. மோதக் கல் இல்லை, மரம் இல்லை. சனிக்கிழமை ஒரு மழை பெய்து செம்மண் நெகிழ்ந்திருந்தது. கால் வைத்தால் அச்சு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் சொன்னேன்: "ஐயா, ஸ்டியரிங்கை நீங்களே ஒருவாட்டி பாத்துருங்க. அந்தக் கொடிக்கம்பத்தைக் குறி வச்சு நேரா போய்ட்டு, நிறுத்தி இறங்கி வாங்க. நான் போய் எடுத்தாந்துர்றேன்."

சந்தோஷமாக ஏறிப் போனார். கயிறு பிடித்த மாதிரி போய் நின்றது வண்டி. நான் அதே தடத்தில் சக்கரத்தை வைத்து ரிவர்ஸிலேயே எடுத்துக்கொண்டு வந்தேன்.

"வெண்ணெய் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று ஐந்து குழி ஜெயித்தார். மற்ற மூன்று கார்களும் போகிற வரைக்கும் டயரில் காற்றுப் பார்க்கிற மாதிரி இழுத்தடித்தேன். ஸ்டேஷனுக்கு நேரம் இருந்தது. அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, "ஏறு சவரி" என்றார்.

"ஏறலைங்க. முதல்ல அந்தக் கம்பம் வரைக்கும் நீங்க மட்டும் ஒருவாட்டி போய்ட்டு வாங்க. காலையில போன தடத்துக்குப் பக்கத்திலேயே."

"காலையிலதான் பாத்தாச்சே."

"எனக்காக ஒருவாட்டிங்க."

சிரித்துக்கொண்டே போனார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கைகள் என்ன பாடு படுத்தின தெரியுமா? வண்டி ஒவ்வொரு தடவை ஒதுங்கும்போதும் பின்னால் விரல் தானாக மடங்கியது. கம்பத்துக்குப் பத்தடி தள்ளிப் போய் நின்றது வண்டி. இறங்கி அங்கிருந்தே, "எப்படி?" என்று கத்தினார்.

"நடந்து வாங்கய்யா. தடத்தைப் பாத்துக்கிட்டே வாங்க."

மேற்கு வெயில் படுத்திருந்தது. அந்த வெளிச்சத்தில் ஈரமண் தடம் ஒவ்வொன்றும் வாய்க்கால் மாதிரித் தெரியும். காலைத் தடம் நேர்கோடு. பக்கத்துத் தடம் அதை விட்டு விலகி, பயந்து திரும்பி, மேலே ஏறி, மறுபடி விலகி, ஓர் இடத்தில் காலைத் தடத்தைத் தாண்டி அந்தப் பக்கமே போயிருந்தது. அவர் நடை பாதி வழியில் மெதுவானது. என் பக்கத்தில் வந்து நிற்கும்போது சிரிப்பு இல்லை.

"ஸ்டியரிங்..."

"ஸ்டியரிங்ல ஒண்ணும் இல்லைங்க. அன்னைக்கும் இல்ல. அந்த புஷ் பட்டறையில கிடந்தது."

"அப்ப இத்தனை வருஷமா எப்படி வந்தேன்?"

"என் கை ஒண்ணு அடியில பிடிச்சிருந்துச்சுங்க."

"எங்க?"

"குளத்துக்கரை வளைவுல. ரெண்டு பாலத்துலயும். சந்தை நாள்ல வண்டிக எதிர வந்தா. ஆடு மாடு வந்தா."

"அப்ப நான் எங்கதாய்யா ஓட்டுனேன்?"

"நேர் ரோட்டுலங்க."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். சொன்ன எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அவர் அந்த இரண்டு தடத்துக்கும் நடுவே குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டார். பெரிய மனுஷர், வெள்ளை சட்டை, மண்ணில். விரலால் அந்தக் கோணல் தடத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு மலேயாவிலிருந்து வந்த பிறகு பெருமை என்று மிச்சம் இருந்தது வண்டி ஓட்டுகிற அந்தக் கை ஒன்றுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதை நான் பிடுங்கியிருந்தேன். அல்லது, அது முன்னாலேயே போய்விட்டதைச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"அவ ஒன்னைக் கேட்டாளா? அந்த சனிக்கிழமை?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"நேரா வந்துருவீங்கன்னு சொன்னேன்."

எழுந்து மண்ணைத் தட்டினார். "குடிச்சது நான். அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அவளை வண்டியில ஏத்துனது நீ." சாவியை என் கையில் வைத்தார். "ஸ்டேஷனுக்குப் போ. பிள்ளையை வீட்டுல சேத்துடு. நாளையிலேருந்து வர வேணாம்."

நான் கம்பத்தடியிலிருந்து வண்டியை எடுத்துவந்ததும் பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பேத்தி வழியெல்லாம் ரயிலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா, அப்படியா" என்றார். குளத்துக்கரை வளைவில் மட்டும் அவர் குரல் நின்றது.

தம்பிகளே, அவர் அதோடு குடியை விட்டார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. நான் பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டேன். அந்த ரூட்டிலேயே ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிரே அந்த கார் வரும், வேறு டிரைவர் ஓட்டுவார், முதலாளி பின்னால் சாய்ந்திருப்பார். ஒருநாளும் முன் சீட்டில் பார்த்ததில்லை. ஒதுங்கி வழி விடுவேன்.

உங்களில் சொந்தக் கார் வைத்திருக்கிற முதலாளிக்கு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இப்போது கோல்ஃப் இல்லை, அதற்குப் பதிலாக வேறு என்னென்னவோ இருக்கிறது. அவர் குடித்துவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் இடது பக்கம் ஏறி உட்கார்ந்து சாமர்த்தியம் காட்டாதீர்கள். இறங்கி நில்லுங்கள். பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள், டிரைவருக்குப் பயம் வந்தால் அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வீட்டுப் பெண்கள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அவர்கள் நம்மைச் சோதிக்கக் கேட்பதில்லை, ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யக் கேட்கிறார்கள். இதை நான் தெரிந்துகொண்ட விதம் மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

மறுநாள் திங்கள்கிழமை, முதலாளி வீட்டுக் கார்க் கொட்டகையில் இருந்த என் துணிமணியை எடுக்கப் போனேன். அம்மா கிணற்றடியில் இடது கையால் பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வலது கைக் கட்டுக்கு வெளியே விரல்கள் வீங்கியிருந்தன. வளையல்களை அறுத்து எடுத்திருந்தார்கள்.

"எல்லாம் சொல்லிட்டாக," என்றார்.

"மன்னிச்சிருங்கம்மா."

"நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

எனக்குள் இருந்த ரோஷம் கொஞ்சம் தலை தூக்கியது. "சொல்லியிருந்தா அன்னைக்கே வேலை போயிருக்குங்கம்மா. இன்னைக்குப் போனது ஒரு வாரம் முன்னாடி போயிருக்கும், அவ்வளவுதான்."

"போயிருக்கட்டுமே," என்றார் அம்மா. கோபமே இல்லை, கணக்குப் பார்க்கிற குரல். "வேலை எப்படியும் போயிருச்சு. கை மிஞ்சியிருக்கும்ல?"